டான்யூப் கரையில் முதல் நாள்: பாஸாவிலிருந்து ஆஷாக் வரை சைக்கிளில்

நெடுந்தூரம் சைக்கிள் ஓட்டிப் பழக்கமில்லை, ஆனால் ஐரோப்பாவில் ஏதாவது ஒரு நதியோரமாகப் போக வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்களிடம் நான் வேறு ஊர் எதுவும் சொல்வதில்லை. பாஸாவுக்கு ரயில் ஏறுங்கள் என்பேன். ஜெர்மனியின் தென்கிழக்கு மூலையில், ஆஸ்திரிய எல்லையை ஒட்டி இருக்கிறது. அங்கிருந்து வியன்னா வரை டான்யூப் கரையோடு 300 கிலோமீட்டருக்கு மேல் சைக்கிள் பாதை ஓடுகிறது. பெரும்பாலோர் ஆறேழு நாளில் முடிக்கிறார்கள். இந்தக் கட்டுரை முதல் நாளை மட்டும் எடுத்துக்கொள்கிறது: பாஸாவிலிருந்து ஆஸ்திரியாவில் இருக்கும் ஆஷாக் என்ற ஊர் வரை, ஏறத்தாழ 65 கிலோமீட்டர்.

65 என்றதும் மிரள வேண்டாம். சாவகாசமாக மணிக்கு 15 கிலோமீட்டர் போனால்கூட மிதிக்கும் நேரம் நாலரை மணிதான். இந்த நாளைக் கெடுப்பது கால்வலி அல்ல. எந்தக் கரையில் இருக்கிறோம், எத்தனை மணிக்கு இருக்கிறோம் என்பதைக் கவனிக்காமல் விடுவதுதான். பாலங்கள் குறைவு. படகுக்கு நேரம் உண்டு, அடுப்படிக்கும் நேரம் உண்டு.

பாதை ஏன் இவ்வளவு சமதளமாக இருக்கிறது என்பதற்குக் காரணம் குதிரைகள். நீராவிக் கப்பல் வருவதற்கு முன்பு, ஆற்றை எதிர்த்துச் செல்லும் சரக்குப் படகுகளைக் கரையிலிருந்து கயிறு கட்டிக் குதிரைகள் இழுத்தன. அவை நடந்த கரைப்பாதைக்கு ‘ட்ரெப்பெல்வேக்’ என்று பெயர். பாரம் இழுக்கும் குதிரைக்கு மேடு ஆகாது என்பதால் நீர்மட்டத்தை ஒட்டியே பாதை போட்டார்கள். அந்தத் தடத்தின் மேல்தான் பல இடங்களில் இன்று நாம் மிதிக்கிறோம்.

எல்லோரும் மேற்கிலிருந்து கிழக்காக, ஆற்றின் போக்கிலேயே போவதைப் பார்ப்பீர்கள். இறக்கம் இருப்பதால் என்று நினைத்துவிடாதீர்கள். பாஸா கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 300 மீட்டர், வியன்னா சுமார் 160. அத்தனை தூரத்தில் 140 மீட்டர் இறக்கம் என்பது டயருக்கே தெரியாது. காரணம் காற்று. இந்தப் பள்ளத்தாக்கில் பெரும்பாலும் மேற்கிலிருந்துதான் வீசும். ஒரு முறை வீம்புக்குக் கிழக்கிலிருந்து வந்தேன். நாள் முழுக்க யாரோ நெஞ்சில் கைவைத்துத் தள்ளியது போல் இருந்தது.

புறப்படும் முன்

மே கடைசியிலிருந்து செப்டம்பர் வரை நல்ல காலம். ஜூலை, ஆகஸ்டில் கூட்டம் அதிகம், விடுதி கிடைப்பது சிரமம். ஜூன் நடுவில் இரவு ஒன்பது மணி வரை வெளிச்சம் இருக்கும். புதிதாக ஓட்டுபவருக்கு அதைவிடப் பெரிய உதவி கிடையாது.

சைக்கிளை பாஸாவிலேயே வாடகைக்கு எடுத்து வியன்னாவில் விட்டுவிடலாம். சாமான்களை அடுத்த ஊர் விடுதிக்கு வேனில் கொண்டுபோய்ச் சேர்ப்பவர்களும் இருக்கிறார்கள். முதல் பயணத்தில் அதற்குப் பணம் கொடுப்பது அவமானம் இல்லை. தானே சுமக்க விரும்புகிறவர்கள் முதுகுப் பையைக் கண்டிப்பாகத் தவிர்க்க வேண்டும். இருபதாவது கிலோமீட்டரில் அது தோளை அறுக்கத் தொடங்கும். கேரியரின் இருபுறமும் மாட்டும் நீர்புகாத பக்கப்பைகள் போதும். மொத்த எடை பத்துப் பன்னிரண்டு கிலோவைத் தாண்ட வேண்டாம். இரண்டு செட் உடை, மழைச் சட்டை, ஒரு டியூப், டயர் கழற்றும் பிளாஸ்டிக் நெம்புகோல், கைப்பம்ப், பஞ்சர் ஒட்டும் சாமான். வால்வு எந்த வகை என்று கடையிலேயே கேட்டு அதற்குப் பொருந்தும் பம்பை வாங்குங்கள். பொருந்தாத பம்ப் வெறும் சுமை.

சீட்டின் உயரத்தைக் கடையிலேயே சரிசெய்யுங்கள். குதிகாலைப் பெடலில் வைத்து, பெடல் கீழே இருக்கும்போது கால் முழுதாக நீள வேண்டும். நம்மில் பலர் இரண்டு காலும் தரையில் ஊன்றுகிற மாதிரி தாழ வைத்து ஓட்டியே பழகியவர்கள். ஊருக்குள் அது சரி. 65 கிலோமீட்டருக்கு அப்படிப் போனால் மாலையில் முழங்கால் பேசும்.

இன்னும் ஒரு விஷயம். யாரும் முன்கூட்டிச் சொல்லாததால் நான் விழுந்து கற்றுக்கொண்டது. நம் ஊர்ச் சைக்கிள்களில் பெரும்பாலும் வலக்கைப் பிரேக் முன்சக்கரத்தைப் பிடிக்கும். இங்கே மாறி இருக்கும். இடக்கைதான் முன்சக்கரம். அவசரத்தில் பழக்கப்படி இடக்கையை இறுக்கினால் முன்சக்கரம் நின்று பின்சக்கரம் எழும்பும். வாடகைச் சைக்கிள்கள் சிலவற்றில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. பெடலைப் பின்னோக்கி மிதித்தால் அதுவே பிரேக். சிக்னலில் நின்று, கிளம்புவதற்குத் தோதாகப் பெடலைப் பின்னால் சுற்றி மேலே கொண்டுவருவோமே, அது நடக்காது. பின்சக்கரத்தைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு முன்னோக்கித்தான் சுற்ற வேண்டும். கடைவாசலில் பத்து நிமிடம் இதைப் பழகிவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.

வலப்பக்கமாக ஓட்ட வேண்டும் என்பது தெரிந்ததுதான். ஓடிக்கொண்டிருக்கும்போது மறக்காது. மறப்பது, ஒரு மரத்தடியில் உட்கார்ந்து பழம் தின்றுவிட்டு மறுபடி ஏறும் அந்த முதல் நிமிடத்தில். கை தானாக இடப்பக்கம் திருப்பும். ஒவ்வொரு முறை ஏறும்போதும் ‘வலம்’ என்று வாய்விட்டுச் சொல்லிக்கொள்வேன். பார்ப்பவர்கள் ஏதாவது நினைத்துக்கொள்ளட்டும்.

ஞாயிற்றுக்கிழமையில் இரண்டு நாடுகளிலும் கடைகள் மூடியிருக்கும். சனிக்கிழமை மாலையே ரொட்டி, பழம், பாலாடைக்கட்டி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒரே நாளில் இரண்டு நாடுகளில் இருப்பீர்கள். செங்கன் விசா இரண்டுக்கும் செல்லும். ஆனாலும் பாஸ்போர்ட் பையின் அடியில் கிடக்கக் கூடாது, கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். சில்லறைக் காசும் அப்படியே. படகுக்காரரிடம் அட்டையை நீட்டி நிற்காதீர்கள்.

காலை எட்டரை மணி, பாஸா

கிளம்புமுன் நகர மண்டபத்தின் சுவருக்குப் போங்கள். ஆற்றங்கரையில்தான் இருக்கிறது. வெள்ளம் ஏறிய உயரங்களை ஆண்டு போட்டுக் குறித்திருக்கிறார்கள். 2013 ஜூனில் 12.89 மீட்டர். ஐந்நூறு ஆண்டுகளில் அவ்வளவு தண்ணீர் வந்ததில்லை. அந்த வெள்ளக் குறியைத் தலையை அண்ணாந்துதான் பார்க்க வேண்டும். காலடியில் சாதுவாக ஓடும் அதே ஆறுதான்.

நகரத்தின் கிழக்கு முனையில் மூன்று ஆறுகள் கூடுகின்றன. ஆல்ப்ஸ் பனிப்பாறை அரைத்த மாவைச் சுமந்து வெளிர்பச்சையாக வரும் இன், சதுப்பு நிலத்திலிருந்து கறுத்து வரும் இல்ட்ஸ், நடுவில் டான்யூப். ஆண்டுச் சராசரியில் இன் ஆறுதான் அதிகத் தண்ணீர் கொண்டுவருகிறது, பெயர் மட்டும் டான்யூப்புக்குப் போய்விட்டது. வீட்டில் சம்பாதிப்பவர் ஒருவர், பெயர் வாங்குபவர் ஒருவர் என்பது போல. ஐந்து நிமிடம் நின்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

இப்போது முதல் முடிவு, எந்தக் கரை. ஆறு போகும் திசையைப் பார்த்து நின்றால் இடக்கைப் பக்கம் இடக்கரை, இங்கே அது வடகரை. இரண்டிலும் பாதை உண்டு. தென்கரையில் போனால் சில கிலோமீட்டரிலேயே ஆஸ்திரியா வந்துவிடும், ஆனால் நெடுஞ்சாலை பக்கத்திலேயே நீள நெடுகக் கூட வரும். வடகரையிலும் முதல் பகுதியில் கார்ச் சத்தம் உண்டு, பிறகு அமைதி. நான் வடகரை ஆள். மண்டபத்தருகே இருக்கும் தொங்கு பாலத்தில் ஆற்றைத் தாண்டி, வலப்பக்கம் திரும்பினால் பாதை பிடித்துவிடலாம். ‘டோனாவ்ராட்வேக்’ என்ற பலகை வரும். நீலத்தில் மஞ்சள் நட்சத்திர வட்டமும் 6 என்ற எண்ணும் போட்ட பலகையும் அதே பாதைதான். பிரான்ஸின் அட்லாண்டிக் கரையிலிருந்து கருங்கடல் வரை போகும் ‘யூரோவெலோ 6’ நெடும்பாதையின் ஒரு துண்டில் நிற்கிறீர்கள்.

கரையோரத்தில் எண் எழுதிய பலகைகள் நிற்கும். கப்பல்களுக்காக வைத்தவை, நமக்கும் உதவும். டான்யூப்பின் தூரத்தைப் பிறப்பிடத்திலிருந்து அளப்பதில்லை, கருங்கடல் முகத்துவாரத்திலிருந்து மேல்நோக்கி அளக்கிறார்கள். ஆகவே நாம் போகப் போக எண் குறையும். பாஸாவில் ஏறக்குறைய 2226, ஆஷாக்கில் ஏறக்குறைய 2160. இன்றைய வேலை அந்தக் கணக்கைக் கழிப்பது. செல்போன் வரைபடத்தை அடிக்கடி எடுத்துப் பார்க்கத் தேவையே இருக்காது.

முதல் இருபது கிலோமீட்டர்

முதல் ஒரு மணி நேரம் உடம்பு புத்துணர்ச்சியாக இருக்கும், வேகமாகப் போகத் தோன்றும். வேண்டாம். கியரை ஒரு படி லேசாக வைத்து, காலைச் சற்று விரைவாகச் சுழற்றுங்கள். பெடலைத் தள்ளுவது போல் உணர்ந்தால் கியர் கனமாக இருக்கிறது என்று பொருள். தொண்டை வறளும் முன்பே தண்ணீர், பசிக்கும் முன்பே தின்பண்டம். கொண்டுபோன கடலைமிட்டாய்க்கு இங்கே நல்ல மரியாதை உண்டு. ஒரு முறை பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஜெர்மானிய முதியவருக்கு ஒரு துண்டு கொடுத்தேன். அவர் பதிலுக்குப் பாதி ஆப்பிள் கொடுத்தார். இருவருக்கும் பொதுவான மொழி அதோடு முடிந்தது.

முந்திச் செல்பவர்கள் மணி அடித்துவிட்டு இடப்பக்கமாகக் கடப்பார்கள். மின்சைக்கிளில் எழுபது வயதுப் பாட்டிகள் சர்ரென்று போவார்கள். அவர்களோடு போட்டி போடாதீர்கள்.

பதினைந்து கிலோமீட்டர் வாக்கில் ஒபர்ன்ட்செல் என்ற சிற்றூர். காபிக்கு நல்ல இடம். எதிர்க்கரைக்குப் படகும் உண்டு, இன்று நமக்குத் தேவையில்லை. ஆற்றின் அந்தப் பக்கம் ஆஸ்திரியா, இந்தப் பக்கம் ஜெர்மனி. எல்லைக்கோடு தண்ணீருக்குள் போகிறது.

அடுத்து யோகன்ஸ்டைன். 1950களில் ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் சேர்ந்து கட்டிய நீர்மின் நிலையம் ஆற்றின் குறுக்கே நிற்கிறது. பக்கத்தில் கப்பல்கள் இறங்கி ஏறும் நீர்ப்பூட்டு, ஒவ்வொரு தொட்டியும் 230 மீட்டர் நீளம், 24 மீட்டர் அகலம். கப்பல் எதுவும் உள்ளே நுழைவதைக் கண்டால் சைக்கிளைச் சாத்திவிட்டு நின்று பாருங்கள். கதவு மூடும், தண்ணீர் வடியும், மேல்தளத்தில் காபி குடித்துக்கொண்டிருக்கும் சுற்றுலாப் பயணிகள் நாற்காலியோடு மெல்ல மெல்லப் பத்து மீட்டர் கீழே போவார்கள். யாரும் அசைய மாட்டார்கள். கொஞ்சம் தள்ளி ஆற்றின் நடுவே ஒரு பாறை, அதன் மேல் புனித நெபொமுக்கின் சிறு மாடம். பாலங்களுக்கும் வெள்ள ஆபத்துக்கும் காவலர் அவர். நம் ஊர் ஆற்றங்கரைப் பிள்ளையாருக்கு இங்கே அவர்தான் சமம் என்று எண்ணிக்கொண்டேன்.

பருவக் காலத்தில் பகல் நேரங்களில் இந்த அணையின் மேல் சைக்கிளோடு கரை மாறலாம். நாம் மாறப்போவதில்லை. ஒரு சின்ன ஓடையைத் தாண்டினால் வடகரையிலும் ஆஸ்திரியா தொடங்கிவிடுகிறது. பலகை ஒன்றுதான் அடையாளம். அங்கிருந்து காடும் ஆறும் தவிர வேறொன்றும் இல்லை.

சாப்பாடு

பன்னிரண்டரைக்குள் நீடர்ரான்னா என்ற ஊருக்கு வந்துவிடப் பாருங்கள். சூடான சாப்பாடு பெரும்பாலான விடுதிகளில் இரண்டு மணியோடு நின்றுவிடும். அதற்குப் பிறகு கேக்கும் காபியும்தான். வாசலில் ‘ரூஹேடாக்’ என்று எழுதியிருந்தால் இன்று வாரவிடுமுறை என்று அர்த்தம், கதவைத் தட்டிப் பயனில்லை.

சைவம் சாப்பிடுகிறவர்கள் ‘ஃப்ளைஷ்லோஸ்’ என்ற சொல்லைத் தெரிந்து வைத்திருங்கள், இறைச்சி இல்லாதது என்று பொருள். அதையும் முழுதாக நம்ப வேண்டாம். ‘ஃப்ரிட்டாட்டன்’ சூப் என்று வரும். மெல்லிய தோசையைச் சேமியா போல் நறுக்கிப் போட்டது, பார்க்க அப்பாவியாக இருக்கும். தெளிந்த அந்தச் சாறு மாட்டிறைச்சியை வேகவைத்த தண்ணீர். கொழுக்கட்டை மாதிரி உருண்டைகளிலும் சிலவற்றுக்குள் பன்றி இறைச்சித் துணுக்கு இருக்கும். ‘கேஸெஷ்பெட்ஸ்லே’ கேட்டால் வெங்காயம் வறுத்துப் போட்ட பாலாடைக்கட்டி மாவுத்துண்டுகள் வரும். ஓட்டுபவனுக்கு அதைவிட நல்ல எரிபொருள் கிடையாது. காரம் மட்டும் துளியும் இருக்காது. ஒரு சிறு பொட்டலம் மிளகாய்ப்பொடி என் பக்கப்பையில் நிரந்தரக் குடித்தனம்.

குடிக்க ‘ராட்லர்’ என்று எல்லோரும் வாங்குவார்கள். சொல்லுக்குச் சைக்கிள் ஓட்டுபவர் என்றே அர்த்தம். எலுமிச்சைப் பானம் கலந்த பீர்தான் அது, வெறும் சோடா என்று நினைத்துவிடாதீர்கள். தண்ணீர்ப் புட்டியைக் கிளம்புமுன் இங்கேயே நிரப்பிக்கொள்ளுங்கள். வழியில் தீர்ந்துபோனால் தேவாலயக் கல்லறைத் தோட்டத்துக் குழாய் பலருக்கும் கைகொடுக்கிறது. ‘கைன் ட்ரிங்க்வாஸர்’ என்று எழுதியிருந்தால் அது குடிநீர் அல்ல.

படகு

நீடர்ரான்னாவில் ஒரு பாலம் இருக்கிறது. அதை ஏன் சொல்கிறேன் என்றால், அதைத் தாண்டிப் போன பிறகு ஆஷாக் வரை வேறு பாலம் கிடையாது. வடகரையில் மேலும் ஏழெட்டு கிலோமீட்டர் போனால் ஆவ் என்ற இடத்தில் சாலை முடிந்துவிடும். மலை நேராக ஆற்றில் இறங்குகிறது. அங்கிருந்து இரண்டு படகுகள். ஒன்று குறுக்கே ஷ்லோகனுக்கு, மற்றொன்று வடகரையோடே ஆற்றின் வளைவைச் சுற்றி கிராஃபெனாவுக்கு. நாம் ஏற வேண்டியது முதல் படகில்.

படகு ஏப்ரல் முதல் அக்டோபர் வரைதான், பகலில்தான். சீசன் தொடக்கத்திலும் முடிவிலும் சீக்கிரமே நிறுத்திவிடுவார்கள். முதல் முறை நான் இதைப் பார்க்கவில்லை. அக்டோபர் முதல் வாரம், எங்கெங்கோ நின்று படம் எடுத்துக்கொண்டு ஆவ் துறைக்கு வந்தபோது அந்தி. எதிர்க்கரை விடுதியின் சன்னல்களில் விளக்கு எரிகிறது, சமையல் வாசம்கூட வருகிற மாதிரி ஒரு பிரமை. நடுவில் முந்நூறு மீட்டர்கூட இல்லாத தண்ணீர். துறையில் ஈ காக்கை இல்லை. இக்கரைக்கு அக்கரை பச்சை என்பதை அன்றைக்குத்தான் முழுசாகப் புரிந்துகொண்டேன். நீடர்ரான்னா பாலத்துக்குத் திரும்பி, தாண்டி, தென்கரை வழியாக அதே தூரத்தை இன்னொரு முறை இருட்டில் ஓட்டினேன். ஆகவே முந்தின இரவே விடுதிக்காரரிடம் கேளுங்கள்: நாளைக்குக் கடைசிப் படகு எத்தனை மணிக்கு?

படகில் ஏறும்போது சைக்கிளிலிருந்து இறங்கிவிட வேண்டும். பலகை ஈரமாக இருந்தால் டயர் வழுக்கும். படகுக்காரர் சொல்லும் இடத்தில் சாய்த்து வைத்துவிட்டு, ‘க்ரூஸ் காட்’ என்று ஒரு வணக்கம். அங்கே எல்லோருக்கும் எல்லோரும் சொல்வது அது.

ஷ்லோகனில் ஒரு முடிவு

டான்யூப் இங்கே முட்டிக்கொண்டு திரும்பி, வந்த திசையிலேயே ஓடுகிறது. ஆறு முன்னொரு காலத்தில் மென்மையான மண்ணில் வளைந்து ஓடியது. நிலம் மெல்ல மேலெழும்ப, அந்த வளைவு மாறாமலே அடியிலிருந்த கருங்கல்லுக்குள் அறுத்துக்கொண்டு இறங்கிவிட்டது. பாதையிலிருந்து பார்த்தால் வளைவு தெரியாது. மேலே ஒரு பார்வைமேடை இருக்கிறது, காட்டுப்பாதையில் அரைமணி நேர ஏற்றம். சைக்கிளைக் கீழே பூட்டிவிட்டு நடக்க வேண்டும்.

மூன்று மணிக்குள் வந்திருந்தால் ஏறுங்கள். வந்தது நாலரை என்றால் ஏறிவிட்டு ஷ்லோகனிலேயே தங்குங்கள், ஆஷாக்கை நாளைக்கு வைத்துக்கொள்ளலாம். முட்டி வலித்தாலும் அப்படியே. இங்கேயே நிறுத்தினால் இன்றைய கணக்கு ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர், முதல் நாளுக்கு அது மரியாதையான தூரம்தான்.

கடைசி 27 கிலோமீட்டர்

தென்கரையில் ஷ்லோகனிலிருந்து ஆஷாக் வரையிலான பாதைதான் இந்த நாளின் பரிசு. கார்கள் அனேகமாக இல்லை. இன்ட்செல், கோப்ளிங் என்று இரண்டு மூன்று குக்கிராமங்கள், நடுவில் காடு. மாலை நான்கு மணிக்கே தென்மலையின் நிழல் பாதையில் விழுந்துவிடும், எதிர்க்கரை மட்டும் வெயிலில் மினுங்கும். வியர்த்த உடம்புக்கு அந்தக் குளிர் சட்டென்று ஏறும். மேல்சட்டையை நடுங்கத் தொடங்கும் முன்பே போட்டுக்கொள்ளுங்கள். கடை கிடையாது, செல்போன் அலைவரிசையும் சில வளைவுகளில் போய்விடும்.

ஆஷாக்குக்குச் சற்று முன்னால் அணை. அதன் நீர்த்தேக்கத்தால்தான் ஆறு கடைசிப் பகுதியில் ஏரி போல அசையாமல் கிடக்கிறது. களைத்த கண்ணுக்கு ஓடாத ஆறு ஒரு சோர்வைக் கொடுக்கும், மிதித்தும் நகராதது போல் தோன்றும். அப்போது பலகை எண்களைப் பாருங்கள். 2164, 2163.

ஊருக்குள் நுழைந்ததும் செய்ய வேண்டியவை இந்த வரிசையில்: முதலில் விடுதியில் பையை இறக்கிவிட்டு, சமையல் எத்தனை மணி வரை என்று கேளுங்கள், எட்டு எட்டரைக்கு அடுப்பு அணைந்துவிடும். அறை பதிவு செய்யாதவர்கள் ‘ட்ஸிம்மர் ஃப்ரை’ என்ற பலகையைத் தேடலாம், அறை காலி என்று பொருள். ஒரே ஓர் இரவுக்கு என்றால் கொஞ்சம் கூடுதலாகக் கேட்பவர்கள் உண்டு. சைக்கிளுக்குப் பூட்டிய கொட்டகை இருக்கும். பிறகு குளியல். சட்டையை அலசிப் பிழிந்து, உலர்ந்த துண்டில் வைத்துச் சுருட்டி, மேலே ஏறி நின்று மிதியுங்கள். காலைக்குள் காய்ந்துவிடும். சாப்பாட்டுக்குப் பிறகு கொட்டகைக்குப் போய் டயரை ஒரு சுற்றுச் சுற்றி, கண்ணாடித் துண்டு ஏதும் குத்தியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். செயினைப் பழந்துணியால் துடைத்து ஒரு சொட்டு எண்ணெய்.

நாளைக்கு லின்ட்ஸ், சுமார் 25 கிலோமீட்டர்தான். ஆஷாக்கில் பாலம் இருக்கிறது. எந்தக் கரை என்பதைக் காலையில் காபி குடித்துக்கொண்டே முடிவு செய்யலாம்.